கரோல் பாக்கில் இரண்டு ஜோடி முழங்கால்கள்

வலிக்கிறது என்று சொல்கிறவரிடம் "இன்னும் கொஞ்சம் தூக்குங்க" என்று சொல்லிப் பிழைக்கிற தொழில் எங்களுடையது. போர்டில் பிசியோதெரபிஸ்ட் என்று இருக்கும். வீடுகளில் நான் "எக்சர்சைஸ் பொண்ணு". நாற்பதைத் தாண்டியும் பொண்ணுதான். மெட்ரோ படிக்கட்டில் கைப்பிடியைத் தேடுகிற அன்பர்களே, எனக்கும் படி இறங்கும்போது வலது முட்டி முனகுகிறது. அதனால் உங்களில் ஒருத்தியாகவே இதைச் சொல்கிறேன்.

முன்னா, பின்னா

டெல்லி கரோல் பாக்கில் லிஃப்ட் இல்லாத கட்டடம், இரண்டாவது மாடி. மாமா மத்திய அரசில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மாமிக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். படி இறங்கப் பயந்து கோவிலுக்கும் கடைக்கும் போவதையே விட்டுவிட்டார். நான் முதல்நாள் போனபோது மாமா சாப்பாட்டு மேஜையில் புட்டிகளைப் பரப்பி வைத்திருந்தார். கால்சியம், கொலாஜன் பவுடர், மஞ்சள் கேப்ஸ்யூல், குளுக்கோசமைன். பாதி அமெரிக்காவிலிருந்து மகன் அனுப்பியது, மீதி பார்க்கில் கூட நடக்கிறவர்கள் சொன்னது. மனைவி மேல் அவருக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ரத்தப் பரிசோதனையில் குறைவாக இருந்ததால் டாக்டர் எழுதிக்கொடுத்த வைட்டமின் டி கட்டாயம் வேண்டும், மற்றவை சிலருக்குக் கொஞ்சம் கேட்கும், பலருக்குக் கேட்காது, தொடைத் தசை பலப்பட்டால்தான் முட்டியின் பாரம் குறையும் என்று விளக்கினேன். கடைசிவரை தலையாட்டிக் கேட்டுவிட்டு மாமா சொன்னார்: "அச்சா, தொடையை அப்புறம் பாத்துக்கலாம். இதுல எது சாப்பாட்டுக்கு முன்னாடி, எது பின்னாடி, அதை முதல்ல சொல்லும்மா."

மாமியின் அரை மணி

முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்துவது, காலை நீட்டித் தூக்கிப் பிடிப்பது, எல்லாவற்றையும் மாமி என் எதிரில் அழகாகச் செய்வார். அடுத்த முறை போய் "நடுவுல பண்ணினேளா மாமி?" என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சோம்பல் என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் அது முதலில் வருகிற சந்தேகம்.

ஒருநாள் சீக்கிரம் போய்விட்டேன், மாமி கட்டிலில் தானாகவே பயிற்சியைத் தொடங்கியிருந்தார். அந்தச் சின்ன நேரத்துக்குள் குக்கர் கூப்பிட்டது, பார்சல்காரர் மணி அடித்தார், மகன் போன் செய்தான், மூக்குக் கண்ணாடி எங்கே என்று மாமா இரண்டு தரம் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் மாமி கட்டிலிலிருந்து கையூன்றி எழுந்தார். நான் தொடங்கியதும் மாமா மரியாதையாகக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். மாமி கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "நீ வந்தா அவர் கதவைச் சாத்தறார். நானா சாத்திண்டா, என்ன ஆச்சுன்னு தட்டறார்."

உட்கார இடம்

அந்த வீட்டில் பெருக்கித் துடைக்க வருகிறவள் முத்துலட்சுமி, கடலூர்ப் பக்கம். மாமியைவிட வயதில் சிறியவள், முட்டி மட்டும் ஒரே வயது. குத்துக்காலிட்டு ஈரத்துணியோடு அறை அறையாக நகர்வாள். எழும்போது சுவரைப் பிடிப்பாள். குத்துக்காலிடாதே, நீளக் கம்பு வைத்த மாப்பால் துடை என்றேன். "மாப்பு போட்டா மூலையெல்லாம் போகாதுன்னு நான் வேலை செய்யுற கீழ்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாக்குறாங்கக்கா" என்றாள். சரி, வேலை நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி மடக்கு, செலவே இல்லாத வைத்தியம் என்றேன். அவள் கோபப்படவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டாள்: "எந்த வீட்டு நாற்காலியிலக்கா உக்காரச் சொல்றீங்க?"

மாமி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுமுறை நான் போனபோது சாப்பாட்டு மேஜை நாற்காலிகளில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டிருந்தார்கள். முத்துலட்சுமி வந்ததும் முதல் வேலை அதுதான் என்று மாமி சட்டம் போட்டுவிட்டாராம். மாமா காபி கேட்டபோது முத்துலட்சுமிதான் பதில் சொன்னாள்: "தோடா ருக்கோ பாபுஜி, கொஞ்சம் பொறுங்க, இன்னும் இடது கால் பாக்கி இருக்கு."

இறால் ஓடு

அந்தக் குளிர்காலம் நன்றாகப் போனது. மாமி படி இறங்கி, முத்துலட்சுமி துணையோடு கடைத்தெருவுக்குப் போய் நின்றுகொண்டே கோல்கப்பா, அதாவது பானிபூரி, சாப்பிட்டுவிட்டு வந்தார். நடுவில் ஒருநாள் காலையில் மாமா பதறிப்போய் எனக்குப் போன் செய்தார். குளுக்கோசமைன் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது என்று பேரன் சொல்லிவிட்டான். சுத்த சைவக் குடும்பம். மாமி அதற்காக அழவில்லை. மாமாதான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

புட்டியை எறிய மனமில்லாமல் முத்துலட்சுமியிடம் நீட்டினார். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விலையைக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "இறால் ஓட்டை எங்க ஊர்ல குப்பையில கொட்டுவோம். இது தெரிஞ்சிருந்தா நான் ஏன் சாமி டெல்லிக்கு வரேன்?"

குணமானதும்

குளிர் விட்டபோது மாமா என்னை வாசல்வரை கொண்டுவிட வந்தார். மாமிக்கு இப்போது வலி இல்லை, புதிதாக வரவழைத்த கொலாஜன் பவுடர் பிரமாதம், இனி நான் அலைய வேண்டாம் என்றார். அது பவுடர் இல்லை மாமா, தினமும் செய்கிற பயிற்சி, விட்டால் தசை மறுபடி தளர்ந்துவிடும் என்றேன். உள்ளே மாமி சமையலறை நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மாமா சிரித்தபடியே செருப்பை எனக்கு எடுத்து வைத்தார். "வலியே போயாச்சு, அப்புறம் எக்சர்சைஸ் எதுக்கும்மா?"

நானும் போய்விட்டேன். முத்துலட்சுமி இருக்கிறாள், அவள் விடமாட்டாள் என்று ஒரு தைரியம்.

நீட்டிய கால்

மழைக்காலத்துக்கு முன் முத்துலட்சுமி இருந்த குடிசைப் பகுதியை இடித்துவிட்டார்கள். அவளுக்கு மாற்றாக டெல்லியின் ஒரு கோடியில் வீடு கிடைத்தது. அங்கிருந்து கரோல் பாக் வந்துபோனால் பாதி நாள் பஸ்ஸிலேயே கழியும். வேலையை விட்டுவிட்டாள். மாமியும் நாற்காலியில் உட்காருவதை விட்டுவிட்டார். எதிரில் ஆளில்லாமல் தனியாகக் காலை ஆட்டிக்கொண்டிருக்க வெட்கமாக இருந்ததாம்.

போன மாதம் மாமா மறுபடி கூப்பிட்டார். மாமிக்கு முட்டி மாற்று ஆபரேஷன் என்று முடிவாகியிருந்தது. அதற்கு முன் தசையைக் கொஞ்சம் தேற்றச் சொல்லி டாக்டர் அனுப்பியிருந்தார். தொடையைத் தொட்டுப் பார்த்தேன். நாங்கள் சேர்த்ததெல்லாம் போயிருந்தது. மாமா மேஜையில் எதையும் பரப்பி வைக்கவில்லை. "அன்னிக்கு நீ ஒரு அதட்டு போட்டிருக்கலாமேம்மா" என்றார். அதட்டியிருந்தாலும் சிரித்திருப்பார் என்று அவருக்கும் தெரியும்.

அன்று மாமி முத்துலட்சுமிக்குப் போன் போட்டார். ஆபரேஷன் விஷயத்தைச் சொன்னதும் அவள் "ஐயோம்மா" என்று பதறினாள். பேச்சை மாற்றத்தான் மாமி கேட்டார், "நீயாவது தினமும் காலை நீட்டறியோடி?" ஸ்பீக்கரில் அவள் குரல் தெளிவாக வந்தது: "இங்க சுத்துவட்டாரத்துல வேலையே இல்லையேம்மா, நாள் பூரா காலை நீட்டிக்கிட்டுதான் உக்காந்திருக்கேன்."

முழங்காலுக்கு என்ன வேண்டும் என்று எங்களுக்குக் கல்லூரியில் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள், அதைச் செய்யவிடுகிற வீடும் வேலையும் எந்த மருந்துக்கடையில் கிடைக்கும் என்று மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை.