சாருக்குச் சுதி ஏறிப்போச்சு

என் வீட்டுக்காரர் போன பொங்கலோடு குடியை விட்டார். விட்ட பிறகு சாயங்காலம் ஆனால் அவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. ஃபிரிட்ஜைத் திறந்து பார்ப்பார், மூடுவார். என் குழம்பில் உப்பு சரியில்லை என்பார். மூன்றாம் தடவை உப்பு பற்றிப் பேசியபோது கத்திவிட்டேன்: "எங்கயாவது போய் எதையாவது கத்துக்கிடுங்க, என் உயிர எடுக்காதீங்க!"

மனிதர் நேராகப் போய்ப் புல்லாங்குழல் வகுப்பில் சேர்ந்துவிட்டார்.

கேளம்பாக்கத்தில் ஒரு வாத்தியக் கடை. புருஷனும் பெண்டாட்டியுமாக நடத்துகிறார்கள். அவர் பின்பக்கம் உட்கார்ந்து ஆர்மோனியத்தைப் பிரித்துப்போட்டு ரிப்பேர் பார்ப்பார். அந்த அம்மா முன்பக்கம், தொங்குகிற கிடார்களுக்குக் கீழே, பாடம் நடத்துவார். என்ன நடத்தி என்ன, இவர் படூரில் எங்கள் வீட்டில் சாதகம் செய்தபோது, கீழ்வீட்டுக்காரர் தன் குக்கர் விசில் என்று எண்ணிப் பருப்பை அரைவேக்காட்டில் இறக்கிவிட்டார்.

நான் வெளியே சிரித்தாலும், வகுப்புக்குப் போனவர் வீடு திரும்புகிற வரைக்கும் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பேன். மறுபடியும் ஆரம்பித்துவிடுவாரோ என்ற பயம்தான்.

ஒருநாள் நேரமாகியும் ஆளைக் காணோம். கடைக்குப் போன் அடித்தேன். கடைக்காரர் எடுத்தார். ரோட்டில் லாரிச் சத்தம்.

"யக்கா, சார் இங்கதான் கீறாரு. சுதி ஏறிக்கினே போவுது. எறக்குங்கன்னா எறங்க மாட்டேன்றாரு. வூட்டுக்கு வர லேட்டாவும்."

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சுதி என்றால் பாட்டுக்குத்தான். இந்தப் பக்கத்தில் ஒருத்தனுக்குச் சுதி ஏறினால், அவன் எந்தக் கடைக்குப் போய்விட்டு வருகிறான் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"கூட யாரு?" என்றேன்.

"எங்க வூட்டுக்காரிதான். பக்கத்துல குந்திக்கினு ஊதி ஊதிக் காட்டுது."

லாரி போன சத்தத்தில் என் காதில் விழுந்தது "ஊத்தி ஊத்தி".

ஸ்கூட்டரை எப்படி ஓட்டினேனோ தெரியாது. அந்த அம்மாவைக் கேட்க வேண்டிய கேள்விகளைச் சிக்னலில் நின்று சத்தமாகவே ஒத்திகை பார்த்தேன். பக்கத்து பைக்கில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி நின்றார்.

கடைக்குள் நுழைந்தால் என் வீட்டுக்காரர் கண் சிவந்து, சட்டை நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இதற்கு மேல் என்ன அத்தாட்சி?

"ஊதுங்க!" என்றேன்.

அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. வாசிப்பைக் கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார், பாவம். குழலை எடுத்து ஊதினார். கீச்சென்று ஒரு சத்தம்.

"அத இல்ல! என் மூஞ்சியில ஊதுங்க!"

முதலில் விஷயம் புரிந்தது கடைக்காரருக்கு. "ஐயய்ய, யக்கா! நான் சொன்னது கொயலு சுதி. சாரு வேகமா ஊதுறாரு, அதான் மேல மேல போவுது."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த அம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார், சிரிப்பை அடக்கத்தான்.

என் வீட்டுக்காரர் கோபப்படவில்லை. குழலைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். அத்தனை பேர் முன்னாலும் என் முகத்தில் மெதுவாக ஊதினார். மத்தியானம் நான் வைத்த வெங்காயச் சாம்பார் வாசம். வேறொன்றும் இல்லை.

"போதுமா?"

"போதும்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"சார், இந்தக் காத்துதான் சார்!" என்று கடைக்காரர் துள்ளினார். "இப்டி ஊதச் சொல்லித்தான தொண்ட கியிய கத்திக்கினு கீறோம்!"

வெளியே வந்தோம். முன்பு ஒருமுறை குடித்துவிட்டு வண்டியோடு விழுந்து வந்த நாளிலிருந்து வண்டிச் சாவியை நான் அவரிடம் கொடுத்ததில்லை. அவரும் கேட்டதில்லை. அன்றைக்குக் கையை நீட்டினார்.

கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.