பத்திரிகை அட்டையில் ஓடிய கல்யாணக் கார்

எண்பதுகளின் கடைசியில், ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் தெருவில் கார் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். இயந்திரங்களைப் பற்றி எதுவும் தெரியாதவனும் நான் ஒருவன்தான். மற்றவர்கள் தொழிற்சாலையில் போர் வண்டிகளுக்கு உறுப்புகள் செய்துவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்புவார்கள். நான் அதே தொழிற்சாலையில் கோப்புகளுக்கு நாடா கட்டிவிட்டு, என்னைவிடச் சற்றே இளைய ஒரு காரில் திரும்புவேன். சில நாள் அதைத் தள்ளிக்கொண்டு திரும்புவேன்.

எதிர் வீட்டு ஃபோர்மேன் திருநெல்வேலிப் பக்கம். மூத்த மகளுக்குப் பூந்தமல்லியில் ஒரு சர்ச்சில் கல்யாணம் என்று முடிவானதும், "பொண்ணு கார்லதான் வந்து இறங்கும்" என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்து கேட்டார். என் காரை ஒருவர் நம்பிக் கேட்டது அதுவே முதல் தடவை. நெகிழ்ந்துபோய்ச் சரி என்றேன்.

கல்யாணம் நாலு மணிக்கு. அதே சர்ச்சில் அதற்கடுத்து இன்னொரு கல்யாணம். போதகர் நேரத்தில் கறாரானவர். தாமதமாக வந்த ஒரு ஜோடியை, அடுத்த ஜோடிக்கு முடிகிறவரை வேப்பமரத்தடியில் உட்கார வைத்தவர் என்று ஊருக்குள் பேச்சு.

அன்று காலையிலேயே காருக்கு ரிப்பன், ஜிகினா, பானெட்டின் மேல் கண் சிமிட்டும் ஒரு பொம்மை என்று அலங்காரம் முடிந்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தெருக்கோடி வரை ஒரு வெள்ளோட்டம் போனேன். பால் பூத்துக்கு எதிரே கார் இரண்டு முறை இருமி, நின்றது. பொம்மை மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

ஃபோர்மேனும் நானுமாகத் தள்ளிக்கொண்டு வந்தோம். பக்கத்து வீட்டு மெஷினிஸ்ட் வெளியே வந்தார். திருநின்றவூரில் பிறந்து வளர்ந்தவர்.

"இன்னா சார், கல்யாண நாளும் அதுவுமா வண்டி மூஞ்சத் தொங்கப் போட்டுகினு கீது?"

"பேட்டரியா இருக்கும்" என்றேன். கார் எப்போது நின்றாலும் நான் பேட்டரி என்றுதான் சொல்வேன். பானெட்டைத் திறந்தால் எனக்கு அடையாளம் தெரிவது அது ஒன்றுதான்.

"பேட்டரியாம்! சார், நீ அந்த ரிப்பனைப் புட்சிகினு ஓரமா நில்லு, அது போதும்."

நின்றேன். அவர் கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றினார். ஃபோர்மேன் சாவியைத் திருப்பினார். இஞ்சின் சுற்றியது, குழாயிலிருந்து ஒரு சொட்டுகூட வரவில்லை. டேங்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள், பெட்ரோல் இருந்தது. டேங்கிலிருந்து வரும் குழாயில் வாய் வைத்து ஊதினார்கள், அங்கே குமிழி விடும் சத்தம் கேட்டது.

"டேங்க்ல கீது, பைப்புல அடைப்பு இல்ல, மேல மட்டும் வர்ல. அண்ணாத்தே, நடுவுல கீற பம்ப் பூட்ச்சு."

பெட்ரோல் பம்ப் என்பது இஞ்சினின் விலாவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னச் சாமான். அதன் நெம்புகோல் ஒன்று இஞ்சினுக்குள் நீண்டிருக்கும். உள்ளே சுழலும் தண்டு அதைத் தட்டத் தட்ட, பெட்ரோல் மேலே ஏறும். இதெல்லாம் அன்று ரிப்பனைப் பிடித்தபடி நான் கற்றது. கழற்றிப் பிரித்தால், உள்ளேயிருந்த ரப்பர் சவ்வு கிழிந்து நாக்குப் போலத் தொங்கியது.

மெஷினிஸ்டின் ஸ்கூட்டரில் அவரும் நானும் அம்பத்தூருக்குப் பறந்தோம். மூன்றாவது கடையில் புது பம்ப் கிடைத்தது. ஆனால் பம்புக்கும் இஞ்சினுக்கும் நடுவே கசியாமல் இருக்க வைக்கும் வில்லை, அதாவது கேஸ்கெட், அதோடு வரவில்லை. பழையதோ கழற்றும்போதே பொடிப்பொடியாகிவிட்டது.

"அதுக்கா கவலைப்படுதீரு? நான் வெட்டித் தாரேன்" என்றார் ஃபோர்மேன்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பீரங்கி சுமக்கும் வண்டியோடு பகல் முழுக்கப் பழகியவருக்கு எதையும் மெல்லிசாகச் செய்ய வராது. அவர் செய்த கட்டிலை இடம் மாற்ற நாலு பேர் வேண்டும். அவர் வீட்டுத் துணிக்கொடியில் யானையைக் காயப்போடலாம். தெருவில் எல்லோருமே கொஞ்சம் அப்படித்தான். ஒரு கனத்த ரப்பர் ஷீட்டை எடுத்து, துளைகள் அச்சுப் பிசகாமல் வெட்டினார். செருப்பின் அடிப்பாகம் மாதிரி இருந்தது.

"பத்து வருசத்துக்கு அசையாதுவே."

"சூப்பரா கீது அண்ணாத்தே!"

மாட்டி முறுக்கினார்கள். சாவி திருப்பினால், பழைய கதைதான். உறவினர்களை ஏற்றிக்கொண்டு வேன் கிளம்பிப் போய்விட்டிருந்தது. பெண்ணின் அம்மா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே ஜெபம் செய்தார்.

"கடக்காரன் ஓட்ட பம்ப்பைக் குட்த்துட்டான்!"

"நீரு பாத்து வாங்கிருக்கணும்லா! கண்ண எங்கவே வச்சிருந்தீரு?"

பம்பின் அடியில் கையால் அடிக்கிற ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. மெஷினிஸ்ட் கோபத்தில் அதைப் போட்டு அடித்தார். கழற்றி வைத்திருந்த குழாய் வழியே பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டு என் வேட்டியில் விழுந்தது. ஆக, பம்ப் நல்ல பம்ப்தான்.

அப்போது கல்யாணப் பெண் ஜன்னலுக்கு வந்தாள். வெள்ளைப் பட்டு, பாதி சூடிய பூ. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

"அப்பா, கையால அடிச்சா வருது. இஞ்சின் அடிச்சா வரல. அப்போ பம்போட கை இஞ்சினுக்கு எட்டலன்னுதானே அர்த்தம்? நடுவுல என்னத்த வச்சீங்க, மெத்தையா?"

மெஷினிஸ்ட் ஸ்பேனரை எடுத்தார். ஃபோர்மேன் மகளைப் பார்த்த பார்வையில் கோபம் பாதி, கர்வம் பாதி.

இனி மெல்லிய அட்டை வேண்டும். என் மனைவி உள்ளே போய், கையில் கிடைத்ததைக் கொண்டுவந்தாள். அது கல்யாணப் பத்திரிகை, நல்ல வழவழப்பான அட்டை. ஃபோர்மேன் தயங்கினார்.

"வேத வசனம் இருக்கே, அதுல ஓட்டை போடலாமா?"

"வேற பக்கம் வெட்டுங்கண்ணே" என்றாள் என் மனைவி.

பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அங்கே உறவினர் பட்டியல். பந்தக்கால் விஷயத்தில் முறைத்துக்கொண்டு வராமல் இருந்த, பெண்ணின் பெரியப்பாவின் பெயரைக் கண்டுபிடித்து, ஸ்குரூ துளையைச் சரியாக அதன்மேல் போட்டார். அன்று அவர் சிரித்தது அப்போதுதான்.

மாட்டியதும் கார் ஒரே திருப்பில் கிளம்பியது. தெருவே கைதட்டியது. ரிப்பன் என் கையிலேயே கசங்கிப்போயிருந்ததால், அதை ஆண்டெனாவில் ஒரு முடிச்சாகப் போட்டோம். முன்னால் ஃபோர்மேன், பின்னால் பெண்ணும் அம்மாவும், துணைக்கு ஸ்கூட்டரில் மெஷினிஸ்ட். பாரிவாக்கம் தாண்டும்வரை எல்லோரும் இஞ்சினைக் கேட்டுக்கொண்டு வந்தோம்.

சர்ச் வாசலில் போதகர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். அடுத்த கல்யாணத்து ஆட்கள் வேப்பமரத்தடியில் ஏற்கெனவே கூடியிருந்தார்கள். நாலடிக்க நாலைந்து நிமிடம் பாக்கி.

பெண்ணின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போகிறவர் அப்பாதான். ஃபோர்மேன் தன் கைகளைப் பார்த்தார். முழங்கை வரை கிரீஸ். என் கைக்குட்டையை வாங்கித் துடைத்தார், அது கறுத்ததே தவிரக் கை வெளுக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீ முன்ன நட தாயி. நான் பின்னால வாரேன். சேலையில பட்டுரும்."

"பட்டா படட்டும்ப்பா. நேரமாச்சு" என்று அவள் அந்தக் கையை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். உள்ளே ஆர்கன் தொடங்கியது.