சூசைக்காகச் சாட்சி வந்த கெண்டை

தும்பிக்கை நாயகன் முன்னின்று துணைசெய்க. கங்கையைச் சடையில் அடக்கிய அவன் தந்தையின் திருவருள் இவ்வெழுத்தைப் பொய்யினின்று காக்க.

யுவ வருடம், ஆவணி மாதம், வளர்பிறை. விநாயக சதுர்த்திக்கு இரண்டு நாள் முந்திய ஞாயிற்றுக்கிழமை. ஆவணி ஞாயிறு நோன்புக்குரிய நன்னாள். அன்று பகல் ஒரு மணி கடந்தபின், நல்ல வெயிலில், லண்டன் மாநகரத்து நீர்த்தேக்கம் ஒன்றின் கரையில் எனக்கு நேர்ந்ததை உள்ளபடியே எழுதுகிறேன். இத்தகைய கதைகளுக்கு இருட்டும் நாயின் ஊளையும் வேண்டும் என்பார்கள். எனக்கு வாய்த்தவை வெயிலும் இரண்டு வாத்துகளும்தான்.

வாசிக்கின்ற நீங்கள் சிரிக்கக்கூடும், சிரியுங்கள். நானே இவற்றை நம்பியவன் அல்லன். இறைவனை நம்பினேன், அவன் பெயரால் சொல்லப்படும் அற்புதங்களைத் திருவிழாக் காலத்துப் பேச்சாகவே கேட்டு வந்தேன். சாட்சி சொல்ல மரம் எழுந்து வந்த தலத்தின் பதிகத்தைக் கண்ணீர் மல்கப் பாடுவேன். பாடி முடித்ததும், மரம் எப்படி நடக்கும் என்று உள்ளுக்குள் கேட்டுக்கொள்வேன். முப்பது ஆண்டுகள் நில அளவையாளனாக இருந்தவன் வேறு எப்படி இருப்பான்? சங்கிலி போட்டு அளக்க முடியாத எதையும் என் கை குறிப்பேட்டில் பதிந்ததில்லை.

கிழக்கு லண்டனில் பிளேஸ்டோவில் ஓய்வாக இருந்த அக்காலத்தில், நம்மவர்களுக்கு ஆங்கிலக் கடிதம் எழுதிக்கொடுப்பதே என் வேலை. கவுன்சிலுக்கு ஒன்று, உதவிப்பணம் தரும் பெனிபிட் அலுவலகத்துக்கு ஒன்று என்று யாராவது வந்தபடி இருப்பார்கள். அப்படி ஒரு வியாழக்கிழமை, அப்டன் பார்க்கிலிருந்து சூசை வந்தார். மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்கர்; நாற்பது வயது; பாண் என்னும் ரொட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை. நான் சைவ உணவுக்காரன், அவரோ மீன் இல்லாவிட்டால் சோற்றைத் தொடாதவர். ஆயினும் எனக்கு அவரைப் போல் பிரியமான நண்பர் அந்நகரில் இல்லை. வந்ததும் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர், அன்று வந்ததும் ஒரு கடிதத்தை மேசையில் வைத்து என் பக்கம் தள்ளினார்.

அவர் உறுப்பினராக இருந்த தூண்டில்காரர் சங்கத்தின் கடிதம் அது. ஞாயிறு இரண்டு மணிக்குக் கமிற்றி கூடும், அவருடைய அனுமதிச் சீட்டை ரத்துச் செய்வதா என்று தீர்மானிக்கும், விரும்பினால் ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம் என்று எழுதியிருந்தது.

"என்ன செய்தனீர் சூசை?" என்றேன்.

"நான் பிஷப்பைக் கறியாக்கிப் போட்டனாம் ஐயா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகுதான் விளங்கியது. அந்நீர்த்தேக்கத்தில் ஒரு கிழட்டுப் பெருங்கெண்டை இருந்தது. தலையில் மேற்றிராணியாரின் தொப்பி போன்ற வெண்புள்ளி இருந்ததால் அதற்கு பிஷப் என்று பெயர். இந்நாட்டுத் தூண்டில்காரர்கள் மீனைப் பிடிப்பார்கள், எடை பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், பின் நீரிலேயே விட்டுவிடுவார்கள். ஒரே மீன் பல தடவை பிடிபடும். பெயர் வைத்துப் பிள்ளை போல் நலம் விசாரிப்பார்கள். மாதம் ஒருமுறையாவது யார் தூண்டிலிலாவது வந்துபோகும் பிஷப், பத்து வாரமாகக் கண்ணில் படவில்லை.

பழி சூசைமேல் விழுந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. சங்கத்தில் சேர்ந்த முதற்கிழமை, இவ்வழக்கம் எதுவும் அறியாமல், பிடித்த மீன் ஒன்றை ஈரத்துவாயில் சுற்றிக் கடைப்பையில் வைத்திருக்கிறார். வைத்ததோடு நில்லாமல், எதிரே வந்த நீர்க்காவலரை நிறுத்தி, பையைத் திறந்து காட்டி, "வாலும் தலையும் எனக்கு, நடுத்துண்டு உமக்கு" என்று பங்கும் பேசியிருக்கிறார். இனியொருமுறை நடந்தால் சீட்டுப் போய்விடும் என்று அன்றே எச்சரித்திருந்தார்கள்.

"பிடிச்ச மீனைக் கொஞ்சிப்போட்டு விடுறாங்கள் ஐயா. பிறகேன் பிடிக்கிறது எண்டு அண்டைக்கு எனக்கு விளங்கேல்லை. ஆனால் அதுக்குப் பிறகு ஒரு செதிலைக் கூட வீட்டை கொண்டு போகேல்லை. இப்ப காவல்கார ரெஜ் என்ன சொல்லுறான் தெரியுமோ? என்ரை காருக்குள்ள மீன்குழம்பு மணக்குதாம். மணக்கும்தானே. மனுசி கட்டித் தாற சாப்பாடு அதுதான். மீன் கிரீன் ஸ்ட்ரீட் கடையில வாங்கினது. பிஷப்பைத் தின்னக் கத்தோலிக்கனுக்கு மனம் வருமோ, நீங்களே சொல்லுங்கோ."

சொல்லிவிட்டு ஒரு கணம் சிரித்தார். உடனே முகம் மாறியது. "கள்ளன் எண்டு பேர் வந்தால் வேற ஒரு சங்கமும் சேர்க்காது. மாவுக்கும் சூட்டுக்கும் நடுவில கிழமை முழுக்க நிக்கிற எனக்கு மூச்சு விட அந்தத் தண்ணிக்கரை ஒண்டுதான் ஐயா கிடக்கு. நீங்கள் திருநீறும் சால்வையுமாய் வந்து பக்கத்தில இருந்தால், இந்த மனுசன் பொய்க்குத் துணை வராது எண்டு நினைப்பாங்கள்."

ஒப்புக்கொண்டேன்.

ஞாயிறு காலை பூசை முடித்து, பதினொரு மணிக்கே அவருடைய காரில் போய்ச் சேர்ந்தோம். கார் மீன்குழம்பு மணந்தது உண்மை. ரெஜ் என்பவரை நான் முற்றாகக் குற்றம் சொல்ல மாட்டேன். இரண்டு மணிக்குள் கடைசியாக ஒருமுறை தூண்டில் போட்டுவிட வேண்டும் என்பது சூசையின் ஆசை.

அவ்வாண்டுக் கோடையில் மழை பொய்த்திருந்தது. பூஞ்செடிக்குக் குழாய்நீர் விடவும் தடை. நீர்த்தேக்கம் பாதிக்கு மேல் வற்றி, கரையிலிருந்து நூறு யார் தூரம் வரைக்கும் சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. லண்டனில் ஒரு பாலைநிலத்தைக் காண்பேன் என்று நான் நினைத்ததில்லை. அதன் நடுவே, வானத்தை ஏந்திய தட்டுப் போல் எஞ்சிய நீர். வெடிப்புகளைத் தாண்டித் தாண்டிச் சால்வையைப் பிடித்துக்கொண்டு நான் நடந்ததைக் கண்ட வெள்ளைக்காரச் சிறுமி ஒருத்தி தன் தாயிடம் ஏதோ கேட்டாள். தாய் அவள் வாயைப் பொத்தினாள்.

சூசை தம் தூண்டிலை ஆழமான பக்கம் எறிந்துவிட்டு, மடக்கு நாற்காலி ஒன்றை விரித்து என்னை அமர்த்தினார். பின்னர் இன்னொரு தூண்டில் தடியை என் கையில் திணித்தார்.

"என்ன இது சூசை, எனக்கு வேண்டாம்."

"சும்மா இருந்தால் நித்திரை கொண்டிடுவியள் ஐயா. இதைப் பிடிச்சுக்கொண்டு உங்கட தேவாரத்தைப் பாடுங்கோ. உங்கட பக்கம் தண்ணி முழங்காலளவு. தவளைகூட வராது."

வாதாடி அவரை மேலும் வருத்த விரும்பவில்லை. என் தடியின் கயிற்று நுனியில் பாணைப் பிசைந்த உருண்டை ஒன்று போய் நீரில் விழுந்தது. எந்த உயிரும் இதை நாடி வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். மீன்பிடிக்க உட்கார்ந்து அப்படி வேண்டியவன் அக்கரையில் நான் ஒருவனாகவே இருந்திருப்பேன்.

ஒரு மணியளவில் தாழ்ந்த குரலில் பாடத் தொடங்கினேன். என்ன கேட்டேன் என்பதை மறைக்கவில்லை. இந்த மனிதன் களவு செய்யவில்லை என்பது உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும், நம் இருவர் சாட்சியும் கரையோரத்தில் கமிற்றி கூடும் அந்தக் குடிசையில் எடுபடாது, பார்த்துக்கொள் என்று கேட்டேன். நான்காம் பாடலை முடித்திருப்பேன். கையில் ஓர் அசைவு.

நம்பினால் நம்புங்கள், அது இழுப்பே அன்று. கடைத்தெருவில் நம் விரலைப் பிடித்துக்கொண்டு நடக்கும் குழந்தையின் பாரம் எவ்வளவோ, அவ்வளவுதான். ரீலைச் சுற்றத் தெரியாத நான் தடியைப் பிடித்தபடி எழுந்து பின்னே நடந்தேன். நடக்க நடக்க, கயிறு இறுகியும் இறுகாமலும், அந்தப் பாரமும் கூடவே வந்தது. முழங்கால் ஆழத்து நீர் மெல்லப் பிளந்தது. முதலில் ஒரு முதுகு. அதன்பின் தலை. தலையில் வெண்புள்ளி.

"சூசை, இங்கை வாரும்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை பதிகம் பாடும் உச்சத்தில் அழைத்தேன்.

சூசை ஓடி வந்தார். வந்தவர் தம் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைச் சேற்றில் போட்டுவிட்டு, "மாதாவே" என்று மட்டும் சொல்லி நின்றுவிட்டார். அதே நேரம், கூட்டத்துக்காகக் குடிசைக்குப் போய்க்கொண்டிருந்த ரெஜ்ஜும் கமிற்றிக்காரர் இருவரும் என் குரலைக் கேட்டுத் திரும்பினார்கள். ரெஜ் கனத்த மனிதர். அவர் அப்படி ஓடுவார் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றாமலே நீரில் இறங்கி, நீண்ட கைப்பிடி வலையை மீனுக்குக் கீழே கொடுத்துத் தூக்கினார். தூக்கும்போதே கயிறு மீனின் வாயிலிருந்து நழுவி விழுந்தது. "தானாகவே கழற்றிக்கொண்டான் கெட்டிக்காரன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். அவர்கள் அனுபவத்தில் அது நடப்பதுதானாம்.

நனைத்த விரிப்பில் மீனைக் கிடத்தினார்கள். இடப்பக்கத்தில் காசு கோத்தாற் போல் ஒரே வரிசைச் செதில். ரெஜ் தொப்பியைக் கழற்றினார். அவன்தான் என்றார். எடை பார்த்தார்கள், முப்பத்தொரு இறாத்தல், அதாவது பதினான்கு கிலோ. பிடித்தவரே ஏந்திப் படம் எடுக்க வேண்டும் என்பது அவர்கள் மரபாம். வாழ்நாளில் மீனைத் தொடாதவன் நான், தயங்கினேன். சூசை என் காதோரம், "தொடுங்கோ ஐயா, பிஷப்தானே, துடக்குத் தீட்டு ஒண்டும் இல்லை" என்றார். ஏந்தினேன். அதன் வாய் திறந்து மூடியது. கண் என்னையே பார்த்தது. படம் எடுத்தபின் நானே குனிந்து நீரில் விட்டேன். அவசரமில்லாமல் போயிற்று.

ரெஜ் சூசையின் முன்னால் வந்து நின்றார். "மணத்தை வைத்து மனிதனை எடைபோட்டது என் தவறு" என்று சொல்லிக் கையை நீட்டினார். சூசை அந்தக் கையைப் பிடித்தார். மற்றக் கையால் துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார், நெடுநேரம் துடைத்தார். கூட்டம் நடக்கவில்லை. குடிசையில் தேநீர் நடந்தது. மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியைச் சூசை திறக்க, ரெஜ் ஒரு கரண்டி மீன்குழம்பைச் சுவைத்துக் கண் கலங்கினார். அது உறைப்பினால்.

இத்தோடு முடிந்திருந்தால் இதைத் தற்செயல் என்று எழுதி மூடியிருப்பேன்.

திரும்பும் வழியில் சூசை இரண்டு மூன்று முறை பின்னிருக்கையைத் திரும்பிப் பார்த்தார். ஸ்ட்ராட்ஃபோர்டைத் தாண்டும்போது காரை ஓரத்தில் நிறுத்தினார்.

"ஐயா, ஒண்டு சொன்னால் ஏசமாட்டியளே?"

"சொல்லும்."

"நீங்கள் உயிர்க்கொலை செய்யாத மனுசன். உங்கட கையால ஒரு மீனுக்கு முள்ளுக் குத்தினால் எனக்குப் பாவம். அதால உங்கட தூண்டிலில நான் முள்ளே கட்டேல்லை. பாண் உருண்டையைத் தையல் நூலால சுத்திக் கட்டிவிட்டனான், அவ்வளவுதான்."

"முள் இல்லையா?"

"இல்லை ஐயா."

"பின்னை அது என்னத்தில் மாட்டி வந்தது?"

"அதைத்தான் நானும் உங்களைக் கேக்கிறன்." பின்னர் பதறிப்போய், "ஆரிட்டையும் வாய் திறக்காதையுங்கோ. முள்ளில்லாமல் பிடிச்சது எண்டு தெரிஞ்சால் அதுக்கும் ஒரு கமிற்றி கூட்டுவாங்கள்" என்றார். நான் சிரித்தேன்; அவரும் சிரித்தார்; சிரிப்பு இருவருக்கும் சற்றுச் சீக்கிரமே நின்றுவிட்டது.

மறுநாள் விம்பிள்டன் கோயிலுக்குப் போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். சூசையும் வந்தார், வெளியே செருப்புக்குக் காவல் நிற்பதாகச் சொல்லி உள்ளே வந்து முதல் வரிசையில் நின்றார். முள் இல்லாத கயிற்றைக் கிழட்டு மீன் சும்மா கவ்வி வரக்கூடும் என்று, அளவையாளனாகிய நான் அன்று முதல் எத்தனையோ கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். அவ்வளவு தூரம் சரிக்கட்டிக்கொள்ளலாம். சரிக்கட்ட முடியாதது வேறொன்று. முந்தின நாள் காரை நிறுத்திய அவ்விடத்திலேயே சூசை பின்னிருக்கையிலிருந்து என் தூண்டில் தடியை எடுத்து, நுனியை என் உள்ளங்கையில் வைத்தார். தையல் நூல் சுற்றியது சுற்றியபடி இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நீரில் கிடந்து, முப்பத்தொரு இறாத்தல் மீனின் வாய்க்குள் இருந்து வந்த அந்தப் பாண் உருண்டையை விரலால் அழுத்தினேன். உதிர்ந்தது. அது நனையவே இல்லை.

இதை வாசித்தவர்களும், வாசிக்கக் கேட்டவர்களும், நம்பியவர்களும், நம்பாமல் நகைத்தவர்களும் குறைவின்றி வாழ்க. செய்யாத குற்றத்துக்கு ஆளாகி நிற்பவர் எவராயினும், அவர் பக்கம் பேச நீரிலிருந்தேனும் நிலத்திலிருந்தேனும் ஒரு சாட்சி எழுந்து வருக. எல்லா உயிரும் இன்புற்று வாழ்க.