எதிரெதிரே போட்ட இரண்டு வாங்குகள்

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்துநாலாம் வருஷக் கடைசியில், இலங்கையில் தெஹியோவிட்டைப் பக்கம் ஒரு சின்னக் கடைவீதியில் நடந்தது இது. மழை பொய்த்து, ஆறு குட்டை குட்டையாகத் தேங்கி, மலேரியாக் காய்ச்சல் ஊரையே படுக்கையில் போட்டிருந்த காலம். என் வீட்டுக்காரர் அந்த ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் உபதேசியார். சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களின் வேதக்காரர்கள்தான் எங்கள் சபை.

கோயிலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தோட்டத்துத் துரைமார் முந்தின தலைமுறையில் கட்டியது. பனி கொட்டுகிற தங்கள் ஊரை நினைத்துக்கொண்டே கட்டினார்கள் போலிருக்கிறது. கபுக் என்கிற செம்புரைக் கல்லில் கனத்த சுவர். செங்குத்தாக ஏறும் கூரை. ஆள் உயரத்துக்கு மேலே வர்ணக் கண்ணாடி பதித்த, திறக்கவே முடியாத ஜன்னல்கள். தரையெல்லாம் கல் பாவியிருக்கும்; வெயில் காலத்திலும் கால் வைத்தால் சில்லென்று ஏறும். உள்ளே உருப்படியாக இருந்தவை உட்காரப் போட்ட வாங்குகள்தான். பலாப் பலகையில், உயரமான சாய்மானத்தோடு, இரண்டு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத கனம்.

காலையில் துரைமார் ஆராதனை, பிற்பகலில் எங்களுடையது. வாங்குகள் எல்லாம் காலியாகக் கிடந்தாலும் எங்கள் சனம் பின்னால் பாய் விரித்துத்தான் உட்காரும். யாரும் தடுத்ததில்லை, பழக்கம்தான். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

காய்ச்சல் முற்றி, மருந்துச்சாலையில் இடமில்லாமல் போனதும் கோயிலையே ஆஸ்பத்திரி ஆக்கினார்கள். அத்தனை பேருக்குக் கட்டில் ஏது? இரண்டு வாங்குகளை எதிரெதிரே நெருக்கிப் போட்டால் தொட்டில் மாதிரி ஆகிவிடும். எவ்வளவு நடுங்கினாலும் ஆள் கீழே விழாது. பிறகு சவப்பெட்டிக்குப் பலகை தீர்ந்தது. ஒருவர் உயிர்விட்ட இடத்தில் படுக்கவும் ஆட்கள் மறுத்தார்கள். அப்படியே ஒரு வழக்கம் வந்துவிட்டது. யார் எந்த வாங்கில் போகிறாரோ அந்த வாங்கே அவருக்குப் பெட்டி. ஆசாரி முகப்பில் உட்கார்ந்து அறுப்பார். அந்தச் சத்தம் உள்ளே படுத்திருப்பவர்களுக்கெல்லாம் கேட்கும்.

நாலு வயதான என் மகளுக்கு முன்வரிசையில் இடம் கிடைத்தது. எங்களவர் உட்காரத் துணியாத வாங்கு! அதிலேயே கால்மாட்டில் ஒரு சிங்களப் பெண்ணின் மகன், கீழே வயல் கிராமத்துப் பிள்ளை. இரண்டு பிள்ளைகளின் பாதங்களும் நடுவில் இடித்துக்கொள்ளும். அவள் என்னை 'அக்கே' என்பாள், நான் அவளைத் தங்கை முறையில் 'நங்கி' என்பேன்; என் மகள் அவளுக்கு 'பபா', பாப்பா. எனக்குச் சிங்களம் வரும், அவளுக்குக் கடைவீதித் தமிழ் வரும். ஒருத்தி கண்ணயர்ந்தால் மற்றவள் இரண்டு பிள்ளைக்கும் கஞ்சி ஊட்டுவாள்.

ஒரு நாள் காலையில் அவள் மகன் போய்விட்டான். அவள் அழவில்லை. என் வீட்டுக்காரரும் ஆசாரியும் வந்து நின்றார்கள். வாங்குகளைத் தூக்கினால் என் மகள் கல்தரையில்தான் கிடக்க வேண்டும். மிச்சமிருந்த வாங்குகளிலெல்லாம் ஆள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தது. குளிரில் மகளுக்குப் பல் கிட்டிக்கொண்டிருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம், உன் பிள்ளைக்குப் பெட்டி வேண்டாம் என்று எந்த வாயால் கேட்பேன்?

அவளே கேட்டாள். "வாங்கை எடுத்தா இந்தப் பபா எங்க படுக்கிறது, அக்கே?"

"கீழதான் போடணும், நங்கி."

"வேணாம், கீழ குளிர். எங்க மகனுக்கு இனிக் குளிரா? பாய் போதும்."

"பெட்டியில்லாம அனுப்பக் கூடாதும்மா," என்று என் வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார். அவள் ஊரில் அது எவ்வளவு பெரிய குறை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவள் கேட்கவில்லை. பாயில் சுற்றித் தோளில் சாய்த்து, தூங்குகிற பிள்ளையைத் தூக்கிப் போவதுபோலவே போனாள். வாசல்வரை கூடப் போனேன்.

என் மகள் பிழைத்துவிடுவாள் என்று அப்போதுதான் முழுசாக நம்பினேன். இப்படி ஒரு தாய் செய்ததைக் கடவுள் வீணாக்கமாட்டார் என்று நினைத்தேன். மறுநாள் மத்தியானம் என் மகளும் போய்விட்டாள்.

ஆசாரி மகளை அளந்து பார்த்துவிட்டு, இத்தனை பலகை தேவைப்படாது என்றார். "ரெண்டு பெட்டியாப் பண்ணுங்க," என்றேன். மகளை அடக்கம் செய்த கையோடு, மற்றப் பெட்டியை ஓர் ஆளின் தலையில் ஏற்றிக்கொண்டு அந்தக் கிராமத்துக்குப் போனேன். புதைத்த பிள்ளையைப் பெட்டியில் வைக்க முடியாது என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை.

நங்கியும் காய்ச்சலில் தரையில் கிடந்தாள். பெட்டியைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"பபாவுமா, அக்கே?" என்று கேட்டு ஓவென்று அழுதாள். தன் மகனுக்கு அழாதவள் என் மகளுக்கு அழுதாள். நானும் அவள் பக்கத்தில் விழுந்து அழுதேன்.

பெட்டியைத் திருப்பிக் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டில் அதற்கும் ஒரு பிள்ளை இருந்தது. சில வாரம் கழித்து விசாரித்தபோது, நங்கியும் தேறவில்லை என்றார்கள்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். இரண்டு பேருமே ஊட்டினோம், ஒன்றும் வளரவில்லை. 'தேவ சித்தம்' என்று ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்கு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. உபதேசியார் பெண்சாதி இப்படி இருக்கலாமா என்று சபையில் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

கோயிலுக்குப் புது வாங்குகள் வந்துவிட்டன. பார்க்க வருகிறவர்களிடம், அஸ்திவாரக் கல்லை எந்தத் துரை வைத்தார், கண்ணாடி எந்தச் சீமையிலிருந்து வந்தது என்று என் வீட்டுக்காரர் சரித்திரம் சொல்லுவார். நான் ஞாயிறுதோறும் முன்வரிசையில் தனியாக உட்கார்ந்திருப்பேன். செபத்தில் மனம் நிற்பதில்லை. முகம் மறந்துகொண்டே வரும் ஒருத்தியின் தயவால் என் மகள் தன் கடைசி நாளில் குளிராமல் படுத்திருந்தாள் என்பதைத் தவிர, எனக்கு அந்தக் கோயிலில் இன்றுவரை வேறு ஆறுதல் கிடைக்கவில்லை.