உதட்டில் விரல் வைத்த கூடம்

அந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் யாரும் வழி தெரியாமல் முழித்ததில்லை. காரணம் போர்டம்மா. எக்ஸ்ரேக்கு இப்படி, ரத்தப் பரிசோதனைக்கு அப்படி என்று அம்புக்குறி, எழுத்து, நிறம் அத்தனையும் கம்ப்யூட்டரில் வடிவமைத்துக் கொடுப்பவள் அவள்தான். அவள் தேர்ந்தெடுக்கும் வெளிர்பச்சையைக் கண்டால் வீறிட்டு அழும் பிள்ளை வாயை மூடும். கொட்டாவி விடப்போனவன் பாதியில் நிறுத்திக்கொள்வான். நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம்.

அவள் தெருமுனைப் பொதுக்கூடம் ஈயோட்டிக்கொண்டிருந்தது. ஆள் நடமாட்டம் இல்லையென்றால் இடித்துவிட்டு வண்டி நிறுத்த இடமாக்கப்போவதாக நகராட்சி சொல்லிவிட்டது. சனிக்கிழமை மாலை அதிகாரி நேரில் வருவதாக ஏற்பாடு. போர்டம்மாவின் மாமியார் புலம்பித் தீர்த்தார். வாய்விட்டுப் பேச அவருக்கு அந்தக் கூடத்தை விட்டால் வேறு போக்கிடமில்லை. வீட்டில் யார் வாயைத் திறக்கிறார்கள்?

"பாழடைஞ்சு கிடந்தா எவன் உள்ள வருவான்? என்கிட்ட விடுங்க அத்தை" என்று மார்தட்டினாள் மருமகள்.

சுவருக்கு வெளிர்பச்சை. வாசலில் வெள்ளைப் பலகை, உள்ளே போக அம்புக்குறி. சுவரோரம் வரிசையாக நாற்காலிகள். ஒரு மூலை வெறுமையாக இருக்கவே, பழகிய கை சும்மா இருக்குமா? உதட்டில் விரல் வைத்த பெண்ணின் படத்தை அங்கே ஒட்டிவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை மாலை உள்ளே நுழைந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. ஆனால் ஈ பறந்தால் கேட்கும், அவ்வளவு அமைதி. வாசலில் நின்ற நாய்கூடக் குரைப்பதை நாளைக்குத் தள்ளிப்போட்டிருந்தது. முதல் நாற்காலியில் மாமியார், மடியில் பழைய எக்ஸ்ரே உறையோடு.

"அத்தை! இது என்ன கூத்து?"

"உஷ்!" மாமியார் படத்தைக் காட்டினார். "முட்டி வலின்னு எத்தனை தடவை சொன்னேன், காதுல வாங்கினியா? டாக்டர் எப்ப வருவாரு?"

"டாக்டரா? இது நம்ம கூடம் அத்தை!"

"நீ கை வச்ச இடம் வேற என்னவா இருக்கும்?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த மளிகைக் கடைக்காரர் கிசுகிசுத்தார். "வரிசைல வாம்மா. நாங்கல்லாம் மனுஷங்க இல்லையா?"

அந்த நேரம் பார்த்து அதிகாரி அம்மாள் வந்தார். பச்சையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். செருப்புச் சத்தத்தை அடக்கிக்கொண்டு கடைசியில் போய் நின்றார். நின்றவர், பிரஷர் பார்க்க வாகாக ரவிக்கைக் கையை மெல்ல மேலே ஏற்றினார்.

"ஐயோ மேடம், இது ஆஸ்பத்திரி இல்லைங்க!"

அவள் போட்ட கூச்சலில் படம் கழன்று விழுந்தது. அப்புறம் மாமியார் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, தெருக்கோடி வரை கேட்டது. கூடமே சேர்ந்துகொண்டது, கடைக்காரருக்கு வயிற்று வலி போன இடம் தெரியவில்லை.

அதிகாரி கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "இவ்வளவு கூட்டத்தை வச்சுக்கிட்டு எப்படிங்க இடிக்கிறது? ஆனா அந்தப் பச்சையை முதல்ல மாத்து தாயே, எனக்கே காய்ச்சல் அடிக்குது."

கூடம் பிழைத்தது. நிம்மதியாக வீடு திரும்பிய போர்டம்மா சாப்பாட்டு அறை வாசலிலேயே ஆணியடித்தாற்போல நின்றாள்.

புருஷனும் மகனும் தலை குனிந்து, சத்தமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கல்யாணமான புதிதில் அவளே ஆசையாசையாக அடித்த சுவர், நாலு பக்கமும், அதே வெளிர்பச்சை.