மூன்று அங்குலத்தை இரண்டாக்கியது யார்?

முதலில் நான் செய்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் வேறு ஒருவரும் சொல்லப்போவதில்லை.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கொழும்புத்துறைக் கரையில் பைபர் வள்ளம் கட்டப் பழகினேன். பைபர் ஒட்டுகிற றெசின் பசை கிடைக்காத காலத்தில் உடைந்த வள்ளங்களைப் பொத்திக் கடலுக்கு அனுப்பினேன். வள்ளத்துக்கு அச்சு எடுக்கத் தெரிந்தவனுக்குக் காலுக்கு அச்சு எடுப்பது பெரிய வேலையில்லை என்று ஒருநாள் துணிந்தேன். தண்ணீர்க் குழாயைச் சூடாக்கி வளைத்து முதல் பொய்க்காலைச் செய்தேன். பழுதாய்ப்போன குளிர்சாதனப் பெட்டியின் உடம்பை வைத்து, பிளாஸ்டிக் தகடு இளக்குகிற சூளை கட்டினேன். மூடிய சலூன் ஒன்றிலிருந்து ஆளுயரக் கண்ணாடி வாங்கி வந்து, நடை பழகுகிற கம்பிகளுக்கு முன்னால் நிறுத்தினேன். இன்று என் கால்களில் நடக்கிற சனத்தை ஒரே நாளில் கூப்பிட்டால் கொடிகாமம் சந்தை கொள்ளாது.

இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த கால்கள் எல்லாம் சப்பாத்துக் குதியின் உயரத்துக்கு நேராக்கி வந்தவை. எங்கள் சனம் வீட்டு வாசலிலும் கோயில் வாசலிலும் சப்பாத்தைக் கழற்றும். கழற்றியவுடன் பாதத்தின் குதி தாழ்ந்து ஆள் பின்பக்கம் சாய்வார். ஒருவர் கலியாண வீட்டு வாசலில் மல்லாக்க விழுந்தார். வெறும் பாதத்திலும் நேரே நிற்கிற மாதிரிக் காலைத் திருத்தியது இந்தப் பக்கத்தில் முதலில் நான்தான். யாராவது வேறு பெயர் சொன்னால் நம்ப வேண்டாம்.

வாசலைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இந்தக் கதையே ஒரு வாசலில்தான் தொடங்குகிறது. இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் கவனமாக வாசிக்கட்டும்.

1. வருத்தமில்லாத கால்

நிரோஜன் நெல்லியடிப் பக்கத்தவர். கணித ஆசிரியர். முப்பது வயதுக்குக் கிட்ட. ஒரு பின்னேரம் என் பட்டறைக்கு வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், அந்த இடத்திலேயே ஒரு படி இறங்கியவர் போலக் குறைந்துவிட்டார். நான் பார்த்தும் பார்க்காதவன் மாதிரி இருந்தேன்.

"ஐயா, இரண்டு காலுக்கும் ஸ்பிளின்ற் வேணும். பாதம் கீழை சாயாமல் பிடிக்கிற மாதிரி."

காற்சட்டையை உயர்த்தச் சொல்லிப் பார்த்தேன். இறுகிய பின்தசை, உறுதியான கணுக்கால். பந்து விளையாடுகிறவரின் கால்.

"இது நல்ல காலெல்லோ. உமக்கு என்ன வருத்தம்?"

"இப்ப ஒண்டுமில்லை ஐயா. இனித்தான் வரப்போகுது."

பிறகு விசயத்தைச் சொன்னார். இந்தியாவில் ஓர் ஆஸ்பத்திரியில் பேசியிருக்கிறார். இரண்டு கீழ்க்கால் எலும்பையும் வெட்டி, உள்ளே கம்பி வைத்து, நாளுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில் விலக்கிக்கொண்டு போவார்கள். விலகுகிற இடைவெளியில் புது எலும்பு வளரும். மொத்தம் மூன்று அங்குலம். எலும்பு நீளுகிற வேகத்துக்குப் பின்தசை நீளாது. அது இழுத்துப் பிடித்தால் பாதம் நுனிக்காலில் நின்றுவிடும். அதைத் தடுக்கத்தான் ஸ்பிளின்ற். அங்கே வாங்குவதை விட இங்கேயே அளவாகச் செய்துகொண்டு போகலாம் என்று வந்திருக்கிறார்.

"எதுக்குத் தம்பி இந்தச் சித்திரவதை? சப்பாத்துக்குள்ளை உயரம் வைக்கலாமே. நான் செய்து தாறன், ஒருத்தருக்கும் தெரியாது."

"வைச்சிருக்கிறன் ஐயா. உங்கடை வாசலிலை கிடக்குது."

நான் வாசலை எட்டிப் பார்த்தேன்.

பெண் பார்க்கப் போன கதையை அவரே சொன்னார். "றோட்டிலை நிண்டு கதைக்கேக்கை எல்லாம் நல்லாத்தான் இருந்தது. வாசலிலை கழட்டினன். பொம்பிளையின்ரை மாமா ஒராள், 'தம்பி, ஏன் படியிலையே நிக்கிறீர், மேலை வாருமன்' எண்டார். நான் மேலைதான் நிண்டனான் ஐயா."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

"பொம்பிளைக்காக எண்டு நினைக்காதேங்கோ. பள்ளிக்கூடத்திலை கரும்பலகையின்ரை மேல்வரி எனக்கு எட்டாது. பெடியள் நான் வரமுந்தியே ஏறி நிக்க ஒரு ஸ்ரூலைக் கொண்டந்து வைச்சிடுவாங்கள். நக்கலுக்கில்லை, மரியாதையாத்தான் வைக்கிறாங்கள். அதுதான் தாங்கேலாமல் கிடக்கு. மற்ற ஆசிரியர்மாருக்குப் பேரோடை சேர், எனக்குப் பட்டப்பேர் ஸ்ரூல் சேர்."

அளவு எடுத்தேன். ஆனால் ஒன்று சொல்லி அனுப்பினேன். "ட்ரையல் பாக்காமல் என்ரை வாசலைத் தாண்டி ஒரு சாமானும் போறேல்லை. அடுத்த கிழமை வாரும்."

"ஸ்பிளின்ற்றுக்கு என்ன ட்ரையல் ஐயா?"

"ஸ்பிளின்ற்றுக்கில்லை. மூண்டு இஞ்சுக்கு."

2. தாய் வந்தார்

அவருக்கு முன்னால் அவருடைய தாய் வந்துவிட்டார். பஸ்ஸில் வந்து, சந்தியில் விசாரித்து, வேர்வையோடு வந்து நின்றார். தாயும் கட்டைதான். மகனை விடவும்.

"அண்ணை, அந்த ஸ்பிளின்ற்றை நீங்கள் செய்து குடுக்காதேங்கோ. அது இல்லாட்டி அவன் போகமாட்டான்."

"நான் செய்யாட்டி அங்கை வேறை ஒருத்தன் செய்வான் தங்கச்சி. வடிவில்லாமல் செய்வான்."

"பகிடி விடாதேங்கோ. நடந்து திரியிற பிள்ளை. ஒரு குறையுமில்லாத காலை ஆரும் வெட்டக் குடுப்பினமே? அந்த உயரம் ஆரின்ரை? என்ரை. அவன் தன்ரை காலை வெட்டேல்லை அண்ணை, என்னைத்தான் வெட்டுறான்."

நான் கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னேன். சண்டையில் கால் போனவர்களின் தாய்மாரைக் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு என்ன சொல்வதென்று பழகியிருந்தேன். கால் இருக்கிறவனின் தாய் ஒருவர் வந்து நின்றது இதுதான் முதல்தடவை.

"தங்கச்சி, ஸ்பிளின்ற் இல்லாமல் போய் பாதம் சாய்ஞ்சு வந்தால் அதுவும் உங்கடை பிள்ளைதானே. நான் செய்துதான் குடுப்பன். ஆனா போறதோ விடுறதோ எண்டதை அவர் என்ரை கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு முடிவெடுக்கட்டும். அது மட்டும் என்ரை பொறுப்பு."

அவர் தேத்தண்ணியும் குடிக்காமல் எழும்பிப் போனார்.

3. ட்ரையல்

இரண்டு கால்களும் இல்லாத ஆளுக்கு உயரம் எவ்வளவு என்பதை யார் தீர்மானிப்பது? நாங்கள்தான். கைகளை விரிக்கச் சொல்லி அளப்போம், பழைய படம் இருந்தால் பார்ப்போம், பிறகு ஆளையும் கேட்போம். குருநகரில் வலை பொத்துகிற யேசுதாசனைக் கேட்டபோது, "இருந்ததை விட இரண்டு இஞ்ச் கூட்டிவிடுங்கோ" என்றார். முழங்காலுக்குக் கீழே இரண்டும் போனவர். நானும் கூட்டிவிட்டேன். இன்றைக்கும் அந்த உயரத்தில்தான் திரிகிறார்.

நிரோஜன் வருகிற நாளிலேயே யேசுதாசனையும், மிச்சக் கால் நுழைகிற சொக்கெற்றைச் சரிபார்க்க வரச் சொன்னேன். தற்செயல் என்று நினைக்க வேண்டாம். என் ஏற்பாடு.

நிரோஜனின் கீழ்க்கால்களுக்கு அச்சு எடுத்துப் பைபரில் இரண்டு கூடு செய்திருந்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் ஓரங்குலப் பலகைகள் மூன்றை ஒன்றன்கீழ் ஒன்றாகத் திருகாணியால் பூட்டியிருந்தேன். வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். கூட்டை மாட்டிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு எழும்பச் சொன்னேன்.

எழும்பினார். கண்ணாடியைப் பார்த்தார்.

நான் அன்றைக்கு அவருக்குக் கொஞ்சம் புத்தி சொல்லலாம் என்றுதான் இருந்தேன். உள்ளதை எழுத வேண்டும் அல்லவா? அந்த முகத்தைப் பார்த்த பிறகு என்னால் சொல்ல முடியவில்லை. பொய்க்காலில் முதல்முறை எழும்பி நிற்கிறவர்களின் முகம் எனக்கு மனப்பாடம். அதே முகம். கால் இருக்கிற ஒருவனுக்கும் அந்த முகம் வரும் என்று எனக்குத் தெரியாது. அவருடைய குறை பொய்யில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒரு மூலையில் இருந்த யேசுதாசன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "வடிவாத்தான் இருக்கு தம்பி. எங்கை, இந்தக் கதிரையிலை ஒருக்கா இரும் பாப்பம்."

நிரோஜன் இருந்தார். முழங்கால் இரண்டும் நெஞ்சுப் பக்கம் எழும்பி நின்றன. துடை கதிரையில் முட்டவில்லை. நீளுவது கீழ்க்கால் மட்டும்தானே, துடை பழைய துடைதான்.

"ஐயோ, வெட்டுக்கிளி!" என்றார் யேசுதாசன்.

நிரோஜனும் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். சிரிப்பு முடிந்ததும் கேட்டார். "அண்ணை, உங்களுக்கும் இரண்டு இஞ்ச் கூட எண்டு ஐயா சொன்னவர். அதாலை உங்களுக்கு என்ன கிடைச்சது?"

யேசுதாசன் யோசித்தார். "என்ரை மச்சான் கட்டையன் எண்டு கூப்பிடுறதை விட்டிட்டான்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான். ஆனா அதுவும் காணும், தெரியுமோ? அவன் இருவது வருசமாக் கூப்பிட்டவன்." பிறகு தன் சொக்கெற்றைத் தட்டிக் காட்டினார். "ஒண்டு சொல்லுறன். எனக்குப் போனது போச்சு. வெறும் இடத்திலைதான் இவர் கூட்டிவிட்டவர். உம்மடை இடத்திலை ஆள் இருக்கு, உயிருள்ள கால்."

நிரோஜன் என்னைப் பார்த்தார்.

"ஐயா, உங்கடை மகன் எண்டால் என்ன சொல்லுவியள்?"

"எனக்குப் பொம்பிளைப் பிள்ளையள் தம்பி. ரெண்டும் என்னை விட உயரம்." அவர் அந்தப் பதிலோடு விடுகிற ஆளில்லை என்று தெரிந்தது. "வெட்டின எலும்பு பொருந்தும், டொக்டர்மார் அதைச் செய்வினம். தசையும் நரம்பும்தான் கேள்வி. இழுக்க இழுக்க அதுகள் எதிர்க்கும். எவ்வளவு கூட இழுக்கிறீரோ அவ்வளவு கூட எதிர்க்கும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். எழும்பும்."

எழும்பினார். நான் குனிந்து இரண்டு பக்கமும் அடிப்பலகை ஒவ்வொன்றைக் கழற்றினேன். இப்போது இரண்டு அங்குலம்.

மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தார். கதிரையில் இருந்து பார்த்தார். திரும்ப எழும்பினார். என் காது மட்டத்துக்கு வந்தார்.

"இது காணும். மூண்டு வேண்டாம்," என்றார்.

"மற்றதையும் கழட்டிப் பாப்பமோ?"

"வேண்டாம் ஐயா. அதைக் கழட்டினால் திரும்பவும் வாசலிலை குறையிற ஆள்தான்."

அதுதான் முடிவு. ஆஸ்பத்திரிக்கு அடுத்த நாளே பேசி, மூன்றை இரண்டாக்கினார்.

4. பெறுமதி

போய் வந்தார். ஆள் பாதியாய் மெலிந்திருந்தார். நீண்ட காலம் ஊன்றுகோல், பிறகு ஒரு தடி, பிறகு ஒன்றுமில்லை. பாதம் இரண்டும் நேரே நிற்கின்றன. குதி நிலத்தில் படுகிறது. இதை அடிக்கோடிட்டு வாசியுங்கள்.

அண்மையில் பட்டறைக்கு வந்தார். சாதாரணத் தோற்சப்பாத்து. வாசலில் கழற்றினார். உள்ளே வந்தார். வெளியில் நின்ற அதே ஆள்தான் உள்ளேயும் வந்தார். அந்த நேரத்தில் அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதத் தேவையில்லை.

"ஸ்ரூல் சேர் எப்பிடி?" என்று கேட்டேன்.

"பேர் போகேல்லை ஐயா. ஸ்ரூலும் போகேல்லை. பெடியள் இப்பவும் கொண்டந்து வைக்கிறாங்கள். மேல்வரி எட்டுது. ஆனா ஒரு பாடம் முழுக்க நிண்டால் கால் உளையும். அதிலை இருந்துதான் படிப்பிக்கிறன்."

"பந்து?"

"ஓடேலும். முந்தின ஓட்டமில்லை. கிறவுண்டுக்குப் போறன், விசில் ஊதிறன்."

பிறகு நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். இவ்வளவும் பட்டதுக்கு அது பெறுமதியோ என்று.

அவர் கணக்கு ஆசிரியர். விடையை இரண்டாகப் பிரித்துச் சொன்னார். "வாசலிலை வைச்சுக் கேட்டியள் எண்டால் ஓம் எண்டுவன் ஐயா. கிறவுண்டிலை வைச்சுக் கேட்டால் பேசாமல் நிப்பன்."

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். உயரம் வேண்டும் என்று வருகிறவரைச் சிரித்து அனுப்பாதீர்கள். பெறுமதியா, இல்லையா என்று உங்கள் வாயால் தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். எந்த இடத்தில் குறைகிறார் என்று கேளுங்கள். எந்த இடத்தை இழக்கப்போகிறார் என்பதையும் அவரே நின்று, இருந்து பார்க்கட்டும். கண்ணாடிக்கு முன்னால் கதிரை ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. நிரோஜனுக்கு இப்போது கலியாணம் பொருந்தியிருக்கிறது. விசாரிக்கிற எல்லோருக்கும் அவர் இந்திய டொக்டரின் கெட்டித்தனத்தைத்தான் சொல்கிறார். தாய் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கத் தொடங்கிவிட்டார், சந்தோசம். ஆனால் பிள்ளையை நடக்க வைத்தது முருகன் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறார். முருகனோடு எனக்குப் போட்டியில்லை, நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன். டொக்டரின் பங்கிலும் நான் கை வைக்கவில்லை. எலும்பை வெட்டிப் பொருத்தியது அவர்தான்.

ஆனால் பாதம் சாயாமல் பிடித்த ஸ்பிளின்ற் இரண்டும் என் கையால் வார்த்தவை. மூன்று அங்குலத்துக்குப் போகவிருந்தவரை இரண்டில் நிறுத்திய பலகையைக் கழற்றியதும் இந்தக் கைதான். கலியாண வீட்டில் யார் கேட்டாலும் அதையும் சேர்த்துச் சொல்லட்டும். பெயர் மரியதாஸ், கொழும்புத்துறை. நான் முன்வரிசையில்தான் இருப்பேன், சொல்கிறாரா என்று கேட்டுக்கொண்டு.