ரத்தம் ஊற ஒரு டானிக்

சிங்கப்பூரில் தேக்கா சந்தைக்குப் பின்னால் உள்ள ஒரு மருந்துக்கடையில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்குள் நிற்க இடமிருக்காது. தீவின் எல்லா மூலைகளிலிருந்தும் கட்டுமானத் தொழிலாளர்கள் லிட்டில் இந்தியாவுக்கு வருவது அன்றைக்குத்தான். முதுகுவலிப் பிளாஸ்டர், சேற்றுப்புண் களிம்பு, தலைவலித் தைலம் என்று அவர்கள் கேட்பதெல்லாம் பெரும்பாலும் தங்கள் உடம்புக்கு. ஊருக்குப் பெட்டி கட்டும்போது மட்டும் மற்றவர்களை நினைத்து வாங்குவார்கள். அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம், அப்பாவுக்குச் சர்க்கரை பார்க்கும் கருவி. யார் யாருக்கு என்ன வாங்குகிறார்கள் என்று கவனிப்பது என் பழக்கம். மனைவிக்கென்று மருந்து கேட்பவர்கள் மிகவும் குறைவு. அதனால்தான் அவர் என் மனதில் நின்றார்.

சாரம் கட்டும் வேலை செய்பவர். முப்பது வயதிருக்காது. அறந்தாங்கிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம்.

“அக்கா, ரத்தம் ஊற ஒரு டானிக் வேணும். நல்லதா குடுங்க.”

“யாருக்குத் தம்பி?”

“வீட்டுல. ஆறு மாசம்.”

“அங்கேயே இரும்புச்சத்து மாத்திரை ஃப்ரீயா குடுப்பாங்களே?”

“குடுக்குறாங்கக்கா. நர்சம்மா வீட்டுக்கே வந்து குடுத்துட்டுப் போறாங்க. ஆனா ரத்தம் ஏறவே மாட்டேங்குதாம். என் நம்பர வாங்கி எனக்கே போன் போட்டுத் திட்டிட்டாங்க. உங்க வொய்ஃப் மாத்திரையே சாப்பிடலன்னு சொல்றாங்க. இவள கேட்டா, தினமும் சாப்பிடறேங்கறா.”

டானிக்கை விற்று அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்த டானிக்கில் இருப்பதும் அதே இரும்புச்சத்துதான். மாத்திரையை விழுங்காதவள் இதை மட்டும் குடிப்பாளா? உண்மையிலேயே சாப்பிடவில்லையென்றால் ஏன் சாப்பிடவில்லை? எனக்கு அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

“அடுத்த வாரம் கூட்டம் வர்றதுக்கு முன்னாடி வாங்க. நானே பேசிப் பாக்கறேன், சரியா?” என்றேன்.

அவர் வந்தார். எங்கள் கடையின் மருந்தாளர் ஒரு சீனப் பெண்மணி. அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, அலமாரிகளுக்குப் பின்னால் இருக்கும் சின்ன இடத்தில் போனை வாங்கிக்கொண்டேன். திரையில் ஒல்லியான ஒரு பெண். கண்ணுக்குக் கீழே வெளுத்திருந்தது. பின்னால் பூசாத செங்கல் சுவர். கணவர் பக்கத்தில் நிற்கிறாரா என்று முதலில் கேட்டாள். நான் அவரைக் கடைக்கு வெளியே போய் நிற்கச் சொன்னேன். அவளும் போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்புறம் போனாள். ஆடு கத்தும் சத்தம் கேட்டது.

“மாத்திரை சாப்பிடறியாம்மா?”

யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

“இல்லக்கா. அவரு வாங்கிட்டு வந்த மைலோ பவுடர் டின்னுல போட்டு வச்சிருக்கேன்.”

“ஏன், வாந்தி வருதா?”

“அதுவும்தான். துரு வாசம் அடிக்குது. ஆனா அதில்லக்கா.” குரலைத் தாழ்த்தினாள். “முதல்ல ஒழுங்காத்தான் சாப்பிட்டேன். அப்புறம் வெளிக்கிப் போனா கறுப்பா போச்சு. உள்ள எங்கயோ ரத்தம் ஒடஞ்சு வருதுன்னு பயந்துட்டேன். மாத்திரைய நிறுத்தினதும் சரியாயிடுச்சு. அதுலயே தெரிஞ்சுக்கிட்டேன், இந்த மாத்திரை நமக்கு ஆகாதுன்னு.”

அவள் ஒன்றும் மூடத்தனமாகச் செய்யவில்லை. ஒன்றைக் கவனித்திருக்கிறாள், நிறுத்திப் பார்த்திருக்கிறாள், ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாள். முடிவுதான் தப்பு. என் மகள் வயிற்றில் இருந்தபோது நானும் இதே மாத்திரையைச் சாப்பிட்டேன். கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளில் அச்சடித்திருந்தார்கள். அவளுக்குக் கிடைத்ததோ ஒரு பொட்டலம் மாத்திரை மட்டும்.

“நர்சம்மாகிட்ட கேட்டிருக்கலாமே?”

“அவங்க வரும்போது மாமியார், மாமனார் எல்லாரும் கூடவே உக்காந்திருப்பாங்க. அங்க வச்சு இத எப்படிக்கா கேக்கறது?”

இரும்புச்சத்து உள்ளே போனால் நிறம் அப்படித்தான் இருக்கும் என்று சொன்னேன். மருந்தாளரிடமும் கேட்டுவிட்டு, டீயோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது, எலுமிச்சை ஜூஸோ நெல்லிக்காயோ கூட எடுத்தால் நல்லது, வயிற்றைப் பிரட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு போடு என்று சொன்னேன். “டீயோடதான் போட்டேன், வாசம் தெரியாம இருக்கட்டும்னு” என்று சிரித்தாள். அன்றைக்கு டானிக் விற்கவில்லை.

அதன்பிறகு சில ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் போனைக் கொண்டுவந்து கொடுப்பார். மாத்திரை தினமும் உள்ளே போனது. ரத்தம் கொஞ்சம் ஏறியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்தை டிரிப்ஸாகவும் ஏற்றினார்கள். ஆனாலும் தாமதமாகிவிட்டது. பிரசவத்தைப் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ளுங்கள், தேவைப்பட்டால் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும், எடுக்கிற ரத்தத்துக்குப் பதிலாக வீட்டிலிருந்து யாராவது ரத்தம் கொடுங்கள், எந்த குரூப் என்றாலும் பரவாயில்லை என்று டாக்டர் சொன்னாராம்.

மழையால் வேலை நின்றுபோன ஒரு பிற்பகலில் அவர் கடைக்கு வந்தார். முகம் செத்திருந்தது. மச்சானுக்கு ஊசியென்றாலே பயமாம். சித்தப்பா ரத்தம் கொடுத்தால் வயல் வேலை செய்ய முடியாது என்றாராம். பெரியப்பா மகன் போனையே எடுக்கவில்லை. முன்வந்தது அவருடைய தங்கை ஒருத்திதான். அதே தெருவில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அண்ணிக்காக பஸ் ஏறிப் போய் ஆஸ்பத்திரியில் கையை நீட்டியிருக்கிறாள். சோதித்துப் பார்த்துவிட்டு, “உனக்கே ரத்தம் ஏத்தணும் போலிருக்கு, நீ குடுக்க வந்துட்டியா?” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

“எனக்கு நல்லா இருக்குக்கா,” என்று முழங்கையைத் தடவிக்கொண்டார். “இங்க இருக்கு. அங்க குடுக்க முடியல.”

பிள்ளை உண்டானவளுக்கு ரத்தம் குறையும் என்று தெரியும். பிள்ளை உண்டாகாத தங்கைக்கு ஏன் குறைந்தது? அன்று செங்காங்கில் எல்.ஆர்.டி. ரயிலில் வீட்டுக்குப் போகும்போதும் அதுவேதான் யோசனை. எனக்கு எவ்வளவு இருக்கும் என்ற சந்தேகமும் வந்தது. எங்கள் பேட்டையின் சமூக மன்றத்தில் ரத்ததான முகாம் போட்டிருந்தபோது போய் வரிசையில் நின்றேன். மலாய்த் தாதி ஒருவர் விரலில் குத்தி, கருவியைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“சாரி லா. அயர்ன் லோ. டுடே கெனாட்.”

எனக்கு இரும்புச்சத்து குறைவாம், இன்று ரத்தம் எடுக்க முடியாதாம். மருந்துக்கடையில் நிற்பவள் நான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனில் அந்தத் தம்பியின் மனைவியிடம் இதைச் சொன்னபோது, “அக்கா, டீயோட போடாதீங்க” என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

ரத்தம் கொடுக்க ஆள் கிடைத்தது நாங்கள் யாரும் நினைக்காத இடத்தில். அந்தத் தம்பி தங்கும் தொழிலாளர் விடுதியில், அவருக்கு மேல் கட்டிலில் படுப்பவர் தன் கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். பட்டுக்கோட்டைக்காரர். கடை வாசலில் நின்றபடியே தம்பி அவருக்குப் போன் போட்டார்.

“மாப்ள, ஒரு உதவிடா. தப்பா நெனச்சுக்காத. கல்யாண வீட்டுல வந்து கேக்கறேன்.”

அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

பின்னால் தெரிந்த கதை இது. கல்யாண வீட்டில் பந்தக்கால் ஊன்றியாகிவிட்டது. அதற்குப் பிறகு மாப்பிள்ளை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ரத்தம் கொடுக்கப் போகிறேன் என்று சொன்னால் அம்மா வாசலில் குறுக்கே படுத்துவிடுவார் என்று பயந்து, முடிவெட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அத்தை மகனையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். இரண்டு பேரும் கொடுத்தார்கள். முடிவெட்டப் போனவன் போன முடியோடு திரும்பி வந்ததும் வீட்டில் பெரிய ரகளையாம். கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.

குழந்தை நாள் கணக்குக்குச் சற்று முன்பே பிறந்துவிட்டது. ஆபரேஷன் தேவைப்படவில்லை. ஆனால் பிறந்த பிறகு உதிரப்போக்கு நிற்காமல் ஆஸ்பத்திரியில் பரபரப்பாகிவிட்டது. ரத்தம் ஏற்றினார்கள். வேலையிடத்தில் போன் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதால், சாப்பாட்டு நேரத்தில் இறங்கி வந்துதான் அவர் செய்தியைப் பார்த்திருக்கிறார். அதற்குள் எல்லாம் அடங்கி அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அன்று மாலை பாதுகாப்புக் காலணியைக்கூட மாற்றாமல் கடைக்கு வந்து நின்றார்.

“பொம்பளப் புள்ளக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.”

எங்கள் மருந்தாளருக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு கைதட்டினார்.

கதை அதோடு முடிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். சில வாரங்கள் கழித்து அவளே என்னைக் கூப்பிட்டாள். கணவரிடமிருந்து என் நம்பரை வாங்கியிருக்கிறாள்.

“அக்கா, அடுத்த புள்ள தள்ளிப் போறதுக்கு காப்பர் டி போட்டுக்கோன்னு ஆஸ்பத்திரியில சொல்றாங்க. அது உள்ளேயே மேல ஏறி நெஞ்சுக்குப் போயிடுமாமே?”

“யார் சொன்னா?”

“தெருவுல எல்லாரும்தான் சொல்றாங்க. அவரு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவதான் வர்றாரு, எனக்கு எதுக்கு இதுன்னு நர்சம்மாகிட்டயே கேட்டுட்டேன். வர்ற ஒரு மாசம் போதாதான்னு அவங்க கேட்டாங்க.”

நர்சம்மாவிடம் இப்போது அவளாகவே கேட்கிறாள் என்பதைக் கவனித்தேன். அது கருப்பைக்குள் இருக்கும் பொருள், நெஞ்சுக்குப் போக வழியே இல்லை, வலியோ வேறு தொந்தரவோ இருந்தால் உடனே போய்க் காட்டு என்று சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போன நாளில் நர்சம்மாவிடம் மற்றதையும் கேட்டுத் தெளிந்து, காப்பர் டி போட்டுக்கொண்டாள்.

ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போது போனை வேறொருவர் வாங்கினார். ரத்தம் கொடுக்கப் போய்த் திரும்பி வந்த அந்தத் தங்கை. அதுவரை அவள் குரலை நான் கேட்டதில்லை.

“அக்கா, எனக்கும் ஒண்ணு கேக்கணும். மாசா மாசம் எனக்கு ரொம்பப் போகுது. ஒரு வாரம் தாண்டியும் நிக்காது. பொம்பளைங்கன்னா அப்படித்தான்னு நெனச்சுட்டேன். அண்ணி இல்லங்கறாங்க. எது சரி?”

எல்.ஆர்.டி.யில் நான் யோசித்த கேள்விக்கு அவள் வாயிலிருந்தே விடை வந்தது.

“அண்ணி சொல்றதுதான் சரி. டாக்டர்கிட்ட போம்மா. தள்ளிப் போடாத.”

அண்ணியும் நாத்தனாரும் கைக்குழந்தையோடு போனார்கள். ஸ்கேனில் கருப்பையில் சின்னக் கட்டி தெரிந்தது. பயப்படும்படி ஒன்றும் இல்லை என்று மருந்து கொடுத்திருக்கிறார்கள். இப்போது போக்கு குறைந்து, ரத்தமும் ஏறி வருகிறதாம்.

“மாமியார்கிட்ட என்ன சொல்லிட்டுப் போனீங்க? கோயிலுக்குப் போறோம்னா?” என்று அடுத்த முறை அண்ணியிடம் கேட்டேன்.

“இல்லக்கா, உண்மையத்தான் சொன்னோம். அவங்களும் சேலைய மாத்திக்கிட்டுக் கூடவே வந்துட்டாங்க. எங்களப் பாத்து முடிச்சதும், நீங்க ரெண்டு பேரும் வெளிய இருங்கடின்னு சொல்லிட்டு, டாக்டரம்மாகிட்ட தனியா என்னமோ கேட்டாங்க.”

“என்ன கேட்டாங்களாம்?”

“சொல்லவே மாட்டேங்கறாங்க. ஆனா மாத்திரை வாங்கிட்டு வந்திருக்காங்க. வேளா வேளைக்குச் சாப்பிடறாங்க.”